ஆன்யாங் ராஜாவும் கோச்சடைப் பெண்ணும்

பெண் பார்க்கப் போகிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எனக்கு அந்தப் பாதியில்தான் எப்போதும் தகராறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். (வாங்கிய சம்பளத்தைவிடச் செய்த பிரசங்கம் அதிகம்.) சீனாவில் ஆன்யாங் என்ற சின்ன ஊரைத் தோண்டுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய தலைநகரம், பருத்திக்காட்டுக்கு அடியில்! மழை வருமா, பல்வலி தீருமா என்று அந்த ராஜாக்கள் ஆமை ஓட்டைச் சுட்டு, விழுந்த விரிசலை வைத்துக் குறி பார்த்திருக்கிறார்கள். கேட்ட கேள்வியை அந்த ஓட்டிலேயே செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். என்ன மனுஷர்கள்! பையன்களுக்குக் காட்டுவதற்காக வைகைக் கரையில் ஓர் ஆமை ஓட்டைத் தேடி எடுத்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

கோச்சடைக்குப் பெண் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போனேன். என் மாமாவும் வந்திருந்தார். நாலு இடம் தட்டிப்போய், அவர் அலைந்து பிடித்த ஐந்தாவது சம்பந்தம் அது. என்னிடம் இரண்டு மஞ்சள் பைகள், ஒன்றில் பழம். பெண்ணின் அம்மாவிடம் நான் நீட்டியது மற்றொன்றை. அவர் தாம்பாளத்தில் கவிழ்த்தார். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஊரில், நடுவீட்டில் ஆமை ஓடு!

"என்னய்யா இது? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஆமையக் கொண்டாந்து வச்சிருக்காரு ஒங்க மருமகன்!" என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. மாப்ள, எந்திரி, போவோம்" என்றார் மாமா.

நான் எழுந்திருக்கவில்லை. ஆன்யாங்கை ஆரம்பித்தேன். (அடிக்காமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.) பல்வலி வரை வந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

"குறி பிடிக்கலைன்னா ராசா என்ன செய்வாரு?"

என் வகுப்புப் பையன்களில் ஒருவன்கூடக் கேட்காத கேள்வி! அங்கேயே மனதைப் பறிகொடுத்தேன். "அதே கேள்விய மறுபடி மறுபடி கேப்பாங்க" என்றேன்.

"அது சீனாவுல. நாங்க ஆத்தா கோயில்ல பூப்போட்டுப் பாப்போம்" என்று அப்பா முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். வந்தது சிவப்பு. மாமா செருப்பைத் தேடப் போய்விட்டார்.

"அப்பா, சீனாவுல இன்னொரு தடவ கேப்பாகளாம்" என்றாள் பெண்.

அப்பா என்னை முறைத்த முறைப்பில் நானே விரிசல் விட்டிருப்பேன். ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவளே புதிதாக இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார், வெள்ளை!

இன்றும் எங்கள் வீட்டில் எதற்காவது 'முடியாது' என்று சொன்னால் போதும், பேரப்பிள்ளைகள் "ஆன்யாங்! ஆன்யாங்!" என்று கத்துவார்கள். மறுபடி கேட்கிறார்களாம். என் மனைவி அப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூவத்தான் வச்சேன். அம்புட்டுப் பெரிய ராசாவுக்கு இது தோணல பாருங்க."