தொண்ணூறு டிகிரி

கக்கூஸுக்குள் போட்ட, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலியில் பக்தவத்சலம் உட்கார்ந்தால், வலது கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்த முடியாது. மனைவி கஸ்தூரி போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி நிற்பாள்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். ஆண்டு விழா வாலிபாலில் எகிறிக் குதித்து இறங்கியபோது முழங்காலில் மூன்று தசைநார்கள் அறுந்தன. ஆபரேஷன் செய்த டாக்டர் அப்போதே சொன்னார்:

"இதுல ரெண்டு ஆபத்து. பயிற்சி செய்யலைன்னா முட்டி இறுகிடும். அவசரப்பட்டு மடக்கினா தைச்சது அறுந்துடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும்."

கொஞ்சம் மடக்கியதற்கே பக்தவத்சலம் போட்ட கூச்சலில் கஸ்தூரி அழுதுவிட்டாள். "நாளைக்குப் பாத்துக்கலாங்க."

நான்கு மாதமும் 'நாளைக்கு' என்றே போயிற்று. முட்டி இறுகிவிட்டது.

பத்து நாளில் மெடிக்கல் போர்டு முன் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் சின்னசாமிக்கும் தொழிற்சாலையில் அவருடைய பிரிவான அதே ஷாப்பில்தான் வேலை. கடிதத்தை இரண்டு முறை படித்து உச்சுக் கொட்டினார்.

"மச்சான், தொண்ணூறு டிகிரி மடங்கலைன்னா அன்ஃபிட்னு எழுதிடுவான். வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு."

"இன்னா மாமே பண்றது?"

"நான் எதுக்குக் கீறேன்?"

முதல் நாள் சின்னசாமி விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். முட்டி வீங்கியது. வீக்கம் வற்றக் கஸ்தூரி கொதிக்கக் கொதிக்கப் புளிப்பற்று போட்டாள். தோல் கொப்புளித்தது. மூன்றாம் நாள் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கணுக்காலில் இரண்டு செங்கல் கட்டித் தொங்கவிட்டார் சின்னசாமி. ஐந்தாம் நாள் அது நான்காயிற்று.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமேண்ணே," என்றாள் கஸ்தூரி.

"டாக்டரா வந்து போர்டுல நிக்கப் போறாரு?"

எட்டாம் நாள் சின்னசாமி தன் முழு எடையையும் அந்தக் காலின் மேல் சாய்த்தார்.

'டப்' என்றது. சமையலறையிலிருந்த கஸ்தூரிக்கே கேட்டது. பக்தவத்சலத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெளிந்து பார்த்தபோது குதிகால் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மடங்கிச்சு மச்சான்!" சின்னசாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மடங்கத்தான் செய்தது. பின்பக்கம் மட்டுமில்லை, இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட. நடந்தால் முட்டிக்குக் கீழே உள்ள கால் தனியாக வேறெங்கோ கிளம்பியது. கஸ்தூரி பழைய வேட்டியைக் கிழித்து இறுகச் சுற்றி, மேலே பேண்ட்டை மாட்டிவிட்டாள்.

போர்டில் நாற்பது பேர் வரிசை. போர்டு டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "உக்காந்து எழுந்திரு," என்றார்.

பக்தவத்சலம் உட்கார்ந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசைக் காலைப் பிடித்து எழுந்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"ஃபிட். பழைய ஷாப்புக்கே அனுப்புங்க."

வெளியே ஆர்டரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பொழைச்சேன்!" என்று சுவரில் சாய்ந்தார்.

ஆர்டரைக் கொடுத்த கிளார்க் துலுக்கானம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா இப்படிப் பண்ட்டே? கால் மடங்கலைன்னா அதே கிரேடுல ஸ்டோர்ஸ்ல உக்காந்துகினு பாக்குற வேலை உனக்குன்னு போன மாசமே சின்னசாமிகிட்ட சொல்லி அனுப்பிச்சேனே... நீ வாணாம்னு சொன்னதா சொல்லி, அவரு தன் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போனாரே!"