கண்ணாயிரத்தின் சிக்கன மாதம்

சிதம்பரம் கீழவீதி வாசகர் பேரவையிலிருந்து பட்டிமன்றத்தில் பேசச் சொல்லிக் கடிதம் வந்த அன்றைக்கே, கண்ணாயிரம் தன் வீட்டில் நெருக்கடி நிலையை அறிவித்துவிட்டார்.

தலைப்பு அப்படி. நாடு முன்னேற அரசாங்கம் செலவைச் சுருக்க வேண்டுமா, தாராளமாகச் செலவழிக்க வேண்டுமா? கண்ணாயிரத்துக்குக் கிடைத்தது சுருக்குகிற அணி. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருக்கு அது பொருந்தியது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்பு பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து டி.வி. விவாதங்களில் பேசுகிறவர்களுக்கெல்லாம் முதுநகர் வீட்டிலிருந்தே பதில் சொல்லி வந்தார். அவர்களுக்குத்தான் அது கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ரஹ்மத்துல்லாவுக்குக் கேட்கும். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். போன மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவில் இந்த மழைக்குக் கணுக்கால்கூட நனையவில்லையே, வாய்க்கால் கட்டியது செலவுதானே மாமா என்று கேட்பார். அது வேற என்பார் கண்ணாயிரம். சரி, மாசா மாசம் உங்களுக்கு வருகிற பென்ஷன்? அது ரொம்ப வேற.

மேடையில் வெறும் வாயால் பேசினால் எடுபடாது, சொந்த அனுபவம் வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். ஆகவே வீட்டில் ஒரு மாதம் கடுஞ்சிக்கனம். மனைவி ராஜாமணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அலுவலகத் தமிழில் ஒரு தாளில் எழுதியதை வாசித்தார். எந்த வேலையாக வெளியே போவதானாலும் வீட்டிலிருந்து ஒருவர்தான் போக வேண்டும். குறைந்த செலவில் யாரால் முடியுமோ அவரே போக வேண்டும். வீட்டில் இருப்பவர் வீட்டு வேலை முழுவதையும் பார்க்க வேண்டும். ஓட்டல் பார்சல் கூடாது. அத்தியாவசியம் இல்லாத எதற்கும் காசு கிடையாது.

ராஜாமணி சண்டை போடுவாள் என்று பத்து பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். அவள் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். நல்லாத்தான் இருக்கு மாமா, கீழே ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க என்றாள். பத்து பதில்களும் வீணாயின. அதுதான் அந்த மாதத்தின் முதல் வீண்செலவு.

மறுநாள் காலையில் டி.வி.க்கும் நெட்டுக்கும் சேர்த்து இணைப்பைத் துண்டித்தாள். அத்தியாவசியமா என்று கேட்டாள். இல்லை என்று அவரே சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாயங்கால போண்டாவும் அதே கேள்வியில் போனது. அதற்கடுத்த நாள் அவர் பேங்குக்குக் கிளம்பி வண்டிச் சாவியை எடுத்தபோது, அவள் கையில் பையோடு வாசலில் நின்றாள்.

"நீங்க போனா பெட்ரோல். பஸ்ல போனா டிக்கெட்டு. எனக்கு டவுன் பஸ் ஃப்ரீ. உங்க தாளுப்படி பாத்தா நான்தானே மாமா போவணும்?"

கண்ணாயிரம் தாளை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எழுதும்போது இந்த ஓட்டை தெரியவில்லை. பேருக்குத்தான் ஆயிரம் கண்.

அன்றிலிருந்து வெளிவேலை எல்லாம் ராஜாமணிக்கு, வீட்டுவேலை எல்லாம் அவருக்கு. அவள் கரண்ட் பில் கட்டப் போனாள், மாத்திரை வாங்கப் போனாள். பண்ருட்டியில் காய் மலிவு என்று அங்கே போனாள். அவ்வளவு தூரம் போய்விட்டு, பக்கத்தில் இருக்கிற திருவதிகைக் கோயிலைப் பார்க்காமல் வந்தால் போன பயணமே வீணாகிவிடும் என்று அங்கேயும் போனாள். காற்றில் கலைந்த முடியும் நெற்றியில் திருநீறுமாக அவள் திரும்பி வரும்போது, கண்ணாயிரம் குழாயடியில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. பட்ஜெட்டில் துண்டு விழும் என்று அவருக்குத் தெரியும். இந்த இடத்தில் விழும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் அவர் தளரவில்லை. ஒவ்வொரு பாத்திரமும் மேடையில் ஒரு வாதம் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானங்களில் உட்கார்ந்து பேச்சை எழுதினார். எழுதியதை ராஜாமணியிடம் படித்துக் காட்டினார். அதன் உச்சம் ஒரு வரி: "ஊருக்குச் சொல்வதை முதலில் என் வீட்டில் செய்து காட்டியவன் நான்." அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுக் கைதட்டல் என்று எழுதி வைத்திருந்தார்.

பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ராஜாமணி அந்தத் தாளோடு வந்தாள். சிதம்பரம் போய் வர அவருக்கு டிக்கெட் ஆகுமே என்றாள். இது விதிவிலக்கு என்றார் அவர். அவள் மறுக்கவே இல்லை.

"தாராளமாப் போய்ட்டு வாங்க. அந்தச் செஞ்சு காட்டுன வரியை மட்டும் அடிச்சிடுங்க. மேடையில பொய் சொன்னமாதிரி ஆயிடக் கூடாது."

கைதட்டலை அடிப்பதா? கண்ணாயிரத்தின் கையில் இஸ்திரிப்பெட்டி நின்றுவிட்டது. சட்டை கருகும் வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தது. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே ராஜாமணி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பேச வேண்டியவரே காசை மிச்சம் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார், பேச்சு மட்டும் வந்திருக்கிறது என்றால் ஊரே அசந்து போகும். ஆனால் அதெல்லாம் நமக்கெதற்கு.

கால் மணி நேரத்தில் கண்ணாயிரத்துக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. தன் சொந்த மூளையில் உதித்தது என்றே நம்பினார். பேச்சாளர் வராமலே பேச்சு வரும். சிக்கனத்துக்கு அதற்கு மேல் சாட்சி இல்லை. நடுவர் ராஜமாணிக்கம் ஐயாவுக்குப் போன் போட்டு, தன் சார்பில் மனைவி பேச்சைப் படிப்பாள் என்றார். தாராளமா வரட்டும் என்றார் அவர். ஓர் எழுத்துகூட மாற்றாமல் படிக்க வேண்டும் என்று கண்ணாயிரம் சத்தியம் கேட்டார். ராஜாமணி கற்பூரம் ஏற்றாத குறையாகச் செய்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் கிளம்பினாள். டவுன் பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும். கூட்டம் மூன்று மணிக்கு. பேரவைக்காரர்கள் நெட்டில் நேரலையாகக் காட்டினார்கள். இவர் வீட்டில்தான் நெட் இல்லையே, ரஹ்மத்துல்லா வீட்டுக்குப் போனார். அவர் மகள் அர்ஃபா பெரிய டி.வி.யில் போட்டுக் கொடுத்தாள்.

ராஜாமணி மைக்குக்கு முன்னால் நின்றாள். நீலப் புடவை. நடுக்கமில்லாத குரல். சத்தியத்தைக் காப்பாற்றினாள், ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அந்த உச்ச வரி வந்ததும் தாளிலிருந்து தலையைத் தூக்கி, "இங்க கைதட்டல்னு போட்டிருக்குங்க" என்றாள். அரங்கம் சிரித்துக்கொண்டே தட்டியது. எப்படியோ தட்டினார்களே என்று கண்ணாயிரம் ரஹ்மத்துல்லாவைப் பெருமையாகப் பார்த்தார்.

அவள் படித்து முடித்துக் கும்பிட்டுவிட்டு நகரப் போனாள். ராஜமாணிக்கம் ஐயா நிறுத்தினார்.

"பேச்சு அருமைம்மா. எழுதினவர் ஏன் வரலை?"

"டிக்கெட்டு காசை மிச்சம் புடிக்கிறாருங்க."

"அப்போ நீங்க எப்படி வந்தீங்க?"

"எனக்கு ஃப்ரீ பஸ்ஸுங்க. அரசாங்கம் வுடுது."

அரங்கத்தில் கிளம்பிய சிரிப்பில் மைக் கீச்சிட்டது. எதிரணிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அது அடங்கும் வரை ராஜாமணி காத்திருந்தாள். கையில் இருந்த தாளை மடித்தாள்.

"கல்யாணம் ஆவி இருவத்தொம்பது வருஷங்க. தனியா ஒரு கோயிலுக்குப் போனது இந்த மாசந்தான். ஜன்னல் ஓரமா உக்காந்து போனேன். அவரு சிக்கனம் பண்ணதாலயும் போனேன், அரசாங்கம் செலவு பண்ணதாலயும் போனேன். இதுல எது பெருசுன்னு எனக்குத் தெரியலை. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் ஒருவர் சிக்கனமாக இருக்க வேண்டுமென்றாலும் ரோட்டில் ஒரு பஸ் ஓட வேண்டியிருக்கிறது, ஆகவே செலவே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சிக்கன அணிக்கு விழுந்த கடைசி அடி, அந்த அணியின் நாற்காலியிலிருந்தே விழுந்தது.

ரஹ்மத்துல்லா டீ கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். கதவோரத்தில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. கண்ணாயிரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் திரையில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தை அவர் இருபத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. கோபத்துக்கு முழுசாக உட்கார இடம் கிடைக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு ராஜாமணி வந்தாள். அவர் ரசம் வைத்து அப்பளம் பொரித்திருந்தார். சோறு போட்டுக்கொண்டே, இப்படிக் கவிழ்த்துவிட்டாயே என்று முனகினார். நீங்க எழுதுனதுல ஒரு எழுத்து மாத்துனனா, அவுங்க கேட்டாங்க சொன்னேன் என்றாள் அவள். அவர் அப்பளத்தை நொறுக்கினார்.

"அடுத்த மாசம் விழுப்புரத்துல பேசக் கூப்புட்டிருக்காங்க மாமா. உங்களையும் அவசியம் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கார் அனுப்புறாங்களாம்."

கண்ணாயிரத்தின் முதுகு நிமிர்ந்தது. அறிவுக்கு எங்கேயும் மதிப்பு உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"பேசறதுக்கா?"

"இல்ல மாமா, உதாரணத்துக்கு. நான் பேரைச் சொல்லும்போது எழுந்து நின்னா போதுமாம்."