அட்மினும் இரட்டை வாளியும்

பக்கத்து அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர் எழுப்பும் முனகல். வேறு வீடாக இருந்தால் மனைவி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். ஆர்டிஸ் சாண்ட்விக் ஓடவில்லை. ஏலக்காய் ரொட்டியை அடுப்பிலிருந்து நிதானமாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். வந்தது.

"ஆர்டிஸ்! இந்த நீலம் ஏரி மாதிரி இருக்கா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கா?"

"ஆஸ்பத்திரி மாதிரி."

"நெனச்சேன்!" மறுபடியும் முனகல்.

வாசகரே, ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். இணைய மன்றங்களில் வாழும் இந்த உயிருக்கு அட்மின் என்று பெயர். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, 'நீர் வந்து எங்களை ஆளும்' என்று யாரும் கேட்டதும் கிடையாது. ஆனாலும் விடிந்ததும் எழுந்து, பல் துலக்குவதற்கு முன்பே மன்றத்தைத் திறந்து பார்த்து, ராத்திரி யாரும் எதையும் தவறான பிரிவில் போட்டுவிடவில்லையே என்று ஆறுதல் அடைந்து, அப்படிப் போட்டிருந்தால் அதைவிட ஆறுதல் அடைந்து, அன்றைய ஆட்சியைத் தொடங்குகிறது.

நம்முடைய அட்மின் வெர்லின் சாண்ட்விக். அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரத்தில் முப்பது வருடம் மாவட்ட அலுவலகத்தில் படிவங்கள் தயாரித்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் சவுனா கட்டி, விறகடுப்பில் கல்லைச் சுடவைத்து, நீராவியில் வியர்த்துக் குளிக்கிறவர்களின் மன்றம் அவருடையது. உறுப்பினர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். பேசுகிறவர்கள் இருபது. அந்த இருபது பேருக்கு என்ன வேண்டும்? புகை ஏன் உள்ளே வருகிறது, கல் ஏன் வெடிக்கிறது. அவ்வளவுதான். வெர்லின் அவர்களுக்கு என்ன கொடுத்தார்? இந்த ஒரு வருடத்தில் ஐந்து புதிய தோற்றங்களைக் கொடுத்தார். ஒன்றில் எழுத்து தெரியவில்லை. இன்னொன்றில் எழுத்து மட்டும்தான் தெரிந்தது, பொத்தான்கள் மறைந்துவிட்டன. அப்புறம் கையேடு கொடுத்தார். அறுபத்து நான்கு பக்கம். அதில் முதல் ஆறு பக்கம் கையேட்டை எப்படிப் படிப்பது என்பது பற்றியது.

ஒருவர் அழாத குறையாகக் கேட்டார்: 'புகைபோக்கியில் தார் ஒழுகுகிறது. குழந்தைகள் இருக்கும் வீடு. என்ன செய்வது?' ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: 'கேள்வி தவறான பிரிவில் உள்ளது. கையேடு ஏழு புள்ளி மூன்று பார்க்கவும்.' அவர் பார்த்தார். 'இப்பகுதி விரைவில் எழுதப்படும்' என்றிருந்தது. ஐந்து வருடமாக அது விரைவில்தான் இருக்கிறது.

அப்படியானால் உருப்படியாகப் பதில் சொன்னது யார்? 'இரட்டை வாளி' என்ற பெயரில் ஒரு கணக்கு. 'ஈர விறகு எரிச்சிருக்கீங்க. தீயை அடங்கவிட்டு, புகைபோக்கியைச் சுத்தம் பண்ணாம மறுபடி மூட்டாதீங்க' என்று நாலு வரி. இப்படி இரண்டாயிரம் பதில்கள். மன்றமே அந்த வாளித் தண்ணீரில்தான் உயிர் வாழ்ந்தது.

அந்தக் கணக்கைத்தான் போன சனிக்கிழமை வெர்லின் முடக்கினார். மன்றத்துக்கும் கையேட்டுக்கும் ஒரே கணக்கு என்று இணைத்தபோது, இரட்டை வாளி ஒரே நிமிடத்தில் டூ ஹார்பர்ஸிலிருந்தும் ஈலியிலிருந்தும் உள்நுழைந்திருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம்! கையேடு பதினொன்று புள்ளி இரண்டு என்ன சொல்கிறது? ஓர் ஆள், ஒரு கணக்கு. 'தாங்கள் இருவரில் எவர் என்பதைத் தெரிவிக்கவும்' என்று கடிதம் அனுப்பிவிட்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

இதோ, அழைப்பு மணி.

ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். முழங்கால் வரை பனி அப்பிய பூட்ஸும் தடித்த கோட்டுமாக ஒரு பெண், அறுபது வயதிருக்கும்.

"வெர்லின் சாண்ட்விக் வீடுதானே? மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் தானா ஒரு பதில் வருது. 'புகாரை நேரிலும் ஒப்படைக்கலாம், பக்கம் அறுபத்திரண்டு'ன்னு. அதான் நேர்ல வந்துட்டேன்."

உள்ளறையிலிருந்து வெர்லின் விரைந்து வந்தார்.

"நீங்க கையேட்டைப் படிச்சீங்களா?"

"முழுசும்."

அவர் கண்கள் கலங்கிவிட்டன. மன்ற வரலாற்றில் அறுபத்திரண்டாம் பக்கம் வரை வந்த முதல் மனிதப் பிறவி!

"உட்காருங்க, உட்காருங்க. நீங்க யாரு?"

"லோர்னா. நான்தான் இரட்டை வாளி." அவள் கோட்டைக் கழற்றவில்லை. "பாதி."

மீதிப் பாதி ரெய்னோ கிவினியெமி. முன்னாள் கணவன். ஈலியில் இருக்கிறான்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சோம்" என்றாள் லோர்னா. "வீடு அவனுக்கு, படகு எனக்கு, நாய் மாசம் மாத்தி மாசம். வக்கீல் டீஸ்பூன் வரைக்கும் பிரிச்சாரு. இந்தக் கணக்கை மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க. அவன் பாதி பதிலை எழுதி, வெளியிடாம வரைவுல வைப்பான், மீதியை நான் எழுதுவேன். கொஞ்ச நாள் கழிச்சு, வரைவுக்குக் கீழ 'முட்டி வலி எப்படி இருக்கு?'ன்னு ஒரு வரி இருந்துச்சு. நானும் பதில் எழுதினேன். அவன் நாங்க பேசினதை அழிச்சிட்டு, மன்றத்துக்கான பதிலை மட்டும் போடுவான். ஒரு நாள் அழிக்க மறந்துட்டான். மன்றமே என் முட்டியை விசாரிச்சுது."

"அது நீங்கதானா!" ஆர்டிஸ் காபியை நீட்டினாள். "நான்கூட கவலைப்பட்டேன்."

"போன வெள்ளிக்கிழமை நான் ஒண்ணு கேட்டு எழுதினேன்." லோர்னா கோப்பையைத் தொடவில்லை. "'நான் திரும்பி வரட்டுமா?'ன்னு. அதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. மறுநாள் வரைவு மாறியிருக்குன்னு பட்டியல் காட்டுச்சு. திறக்கப் போறேன், கணக்கு முடக்கப்பட்டதுன்னு வருது."

அடடா! அந்தச் சமையலறையில் ரொட்டி வாசனைகூட அடங்கிவிட்டது போலிருந்தது ஆர்டிஸுக்கு. ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை, தன் வீட்டுப் பக்கத்து அறையில், தன் புருஷன் போட்ட பூட்டுக்குள்!

"போன் பண்ணிக் கேக்கலாமே?"

"ரெய்னோ கிட்டயா? போன்லயா? பனி எத்தனை அங்குலம்னு சொல்லிட்டு வச்சிடுவான். எங்க கல்யாணம் கெட்டதே அவன் பேசாததாலதான்."

வெர்லின் கல்நெஞ்சர் இல்லை. இந்த இனத்தில் கல்நெஞ்சர்கள் குறைவு. "ஒரு வழி இருக்கு" என்றார் உற்சாகமாக. "கணக்கை ரெண்டாப் பிரிச்சிடலாம். இடது வாளி, வலது வாளி! இப்பவே பண்றேன். என்ன, பிரிக்கும்போது வரைவெல்லாம் அழிஞ்சிடும். அது மென்பொருளோட குணம்."

லோர்னாவின் முகம் வெளுத்தது.

"பிரிக்காம அப்படியே திறந்து விடேன்" என்றாள் ஆர்டிஸ்.

"பதினொன்று புள்ளி இரண்டு, ஆர்டிஸ்! இன்னிக்கு இவங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும் விவாகரத்து பண்ணிட்டு வரைவுப் பெட்டியில காதலிக்கப் போறாங்களா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அப்ப உன் கணக்கையும் முடக்கு."

"என்னோடதையா? ஏன்?"

"'பிரிவு தவறு'ன்னு நீ எழுதுவே. அதுக்குக் கீழ 'கவலைப்படாதீங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்'னு ஒரு வரி இருக்குமே, அது யாரு எழுதினது?"

"நான்தான்."

"எப்ப?"

வெர்லின் எண்ணிப் பார்க்க விரல்களை விரித்தார். ஒன்றுகூட மடங்கவில்லை.

"பிறந்தநாள் வாழ்த்து? புதுசா வர்றவங்களுக்கு நல்வரவு? போன மாசம் கோவிச்சுக்கிட்டுப் போன ஆளைத் திரும்பக் கூப்பிட்டது? நீ சாப்பிட எழுந்து வருவே. நான் போய் உக்காருவேன். நாலு வருஷமா."

"நான் அதையெல்லாம்..." அவர் விரித்த கையை இறக்கினார். "அதையெல்லாம் என் நல்ல குணம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உன்னோடதுதான். பாதி."

அவர் எழுந்து போனார். பெண்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். ஒரு சொடுக்கு. பூட்டு திறந்தது. லோர்னா நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். பிறர் பாஸ்வேர்டைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்பதாம் பகுதி. வெர்லின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஆர்டிஸுக்கு அப்படி விதி எதுவும் தெரியாது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

மேலே, வெடித்த அடுப்புக்கல் பற்றி யாருக்கோ பாதிப் பதில். அதன் கீழே:

'வா. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு சவுனா மூட்டறேன். பின்படி உடைஞ்சிருக்கு, முன்வாசல் வழியா வா.'

"இன்னிக்குத்தான் சனிக்கிழமை" என்றாள் ஆர்டிஸ்.

மணி ஒன்றே முக்கால். ஈலிக்கு இரண்டு மணி நேரம், பனியில் இன்னும் கொஞ்சம். லோர்னா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. ஆர்டிஸ் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கையில் திணித்தாள். 

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. வெர்லினைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் அடுக்ககக் குழுவுக்கோ பள்ளித்தோழர் குழுவுக்கோ அட்மின் யார்? இந்த மாதம் முகப்புப் படத்தை எத்தனை முறை மாற்றினீர்கள்? காலை வணக்கம் அனுப்பிய பாவத்துக்காக, பாவம், யாரையாவது நீக்கினீர்களா? அவர் அதோடு வேறு என்ன சொல்ல வந்தார் என்று கேட்டீர்களா? பதில் சொல்ல வேண்டாம். உங்கள் கையேட்டில் அந்தப் பகுதி இன்னும் எழுதப்பட்டிருக்காது.

வாசலில் லோர்னா கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. உள்ளறையிலிருந்து வெர்லின் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஒரு நிமிஷம்! என் கம்ப்யூட்டர்ல நீங்க இன்னும் லாக் அவுட் பண்ணல!"

"நீங்களே பண்ணிடுங்க!" என்று சொல்லிவிட்டு அவள் பனியில் இறங்கினாள்.

"வேற ஆளோட கணக்கை நான் எப்படி—"

ஆர்டிஸ் கதவைச் சாத்தினாள்.