மாரிக்கு மட்டும் வருகிற பேய்

என்னைப் பயந்தவன் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பேயின் காலில் விழுந்து, அதனிடம் மேசை லாச்சிச் சாவியையும் நீட்டிய ஒருவனை வெறும் பயந்தவன் என்றால் அது குறைத்து மதிப்பிடுவதாகும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சீனி மூட்டைகளை இறக்கி வைக்கும் ஒரு கம்பனியில் நான் ஆளணி அலுவலர். (லீவு இல்லை என்று சொல்வதற்குச் சம்பளம்.) அங்கே மூன்றாம் ஸ்ரோரில், அதாவது மூன்றாவது கிடங்கில், ஒரு பேய் இருந்தது. ஒழுங்கான பேய், கோடையில் வராது. கார்த்திகையில் மாரி மழை தொடங்கி, சீனி நனையாதபடி இரும்புக் கதவுகளை இழுத்து மூடியதும் வேலைக்கு வந்துவிடும். உள்ளே நிற்பவர்களுக்குத் தலை சுற்றும், பின்னால் ஆரோ எண்ணுகிற சத்தம் கேட்கும். அந்த மாரியில் மட்டும் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

நிற்காமல் இருந்தவர் கிண்ணியா ஊர்க்காரர் ரசாக் நானா, மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். ஆனால் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் நடிப்பு. ஆளை நிப்பாட்டிக் கடிதம் அடியும்" என்றார். அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

கடிதத்தை நானா வாங்கவில்லை.

"சேர், நாலு புள்ளைகளோட இந்த வயசில நான் எங்க போறது?"

"பேய்க்கதை விடாதேங்கோ, நானா."

"கதையோ? அப்ப ஒரு மணித்தியாலம் என்னோட உள்ளுக்கு இருந்து பாருங்கோ. ஒண்டும் இல்லையெண்டா நானே கையெழுத்து வைச்சிட்டுப் போறன்."

பகல் பதினொரு மணிதானே என்ற துணிவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு உள்ளே போனேன். கதவு மூடியது.

தகரக் கூரையில் மழை. அடுக்குகளுக்கிடையில் நானாவின் வண்டி உறுமிக்கொண்டு போய்வந்தது. முதல் அரைமணி நேரம் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நெற்றிக்குள் ஆரோ மெதுவாகத் தட்டத் தொடங்கினார்கள். மழைச் சத்தம் தூரப் போனது. அப்போது என் தோளுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு குரல்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

திரும்பினேன். ஆருமில்லை. மூட்டைகள் மட்டும் மூச்சு விடுவதுபோல உப்பித் தாழ்ந்தன. "நாலு" என்றது குரல். அது எண்ணுவது மூட்டைகளை அல்ல, வேலையை விட்டு நின்றுபோன ஆட்களை என்றும், ஐந்தாவது நான் என்றும் எப்படியோ எனக்கு விளங்கியது. எழும்பப் பார்த்தேன். கால்கள் வேறு ஆருடையவோ ஆகியிருந்தன.

அடுக்குகளின் கடைசியில் வெளிச்சம் பிளந்தது. வெள்ளை உருவம் ஒன்று நீர் சொட்டச் சொட்ட என்னை நோக்கி வந்தது.

"நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டேன். (பேயென்றாலும் பதிவு இருக்க வேண்டும்தானே.) அது இன்னும் கிட்ட வந்தது. காலில் விழுந்தேன்.

"ஐயா, என்னைக் கொண்டு போகாதேங்கோ! நானா பொய் சொல்லேல்ல. கதவு பூட்டினா மூச்சு முட்டுது, காத்தை வெளிய இழுக்கிற ஃபேன் ஒண்டு போடுங்கோ எண்டு போன மாரியே கடிதம் தந்தவர். நான்தான் லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினனான். செலவெண்டா எங்கட முகாமையாளர் விசரன் கத்துவான் எண்ட பயம். இந்தாங்கோ சாவி!"

"விசரனோ?" என்றது பேய், முகாமையாளரின் குரலில். வெள்ளை உடுப்பு, கையில் நனைந்த குடை.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. அவரும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை மழைக்குள் இழுத்துப் போட்டார்களாம். ஆஸ்பத்திரியில் டொக்டர் பேயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பூட்டின கட்டடத்துக்குள்ள என்ன வண்டி ஓடினது?" என்றுதான் கேட்டார். வண்டிப் புகை. இரத்தத்தில் ஏறினால் தலை சுற்றும், இல்லாதது கேட்கும், இன்னும் கொஞ்சம் இருந்தால் ஒன்றுமே கேட்காது.

மறுநாள் முகாமையாளர் என் கட்டிலடிக்கு வந்தார்.

"சரி, ஃபேன் போட்டாக் கம்பனிக்கு என்ன லாபம்?"

"சேர், மாரிக்கு மாரி பழகின ஆக்கள் ஓடுறாங்கள். புது ஆக்களுக்கு வேலை பழக்கி முடிய அடுத்த மாரி வந்திடுது. அதுக்குள்ள எத்தினை மூட்டை விழுந்து உடையுது, எத்தினை லொறி காத்துக் கிடக்குது? ஃபேனை விட இந்தப் பேய்க்குத்தான் நாங்கள் கூடச் செலவழிக்கிறம்."

அவர் கையை நீட்டினார். "அந்தச் சாவியைத் தாரும்" என்றார். நானாவை நிப்பாட்டும் கடிதத்தை அவரே கிழித்தார். ஃபேன் வந்தது. புகை விடாத பற்றரி வண்டி வந்தது. வருசத்துக்கொருதரம் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனையும் வந்தது. பேய் மட்டும் பிறகு வரவில்லை. ('விசரன்' என்ற அந்த வசவு மட்டும் போகவில்லை. எனக்கு லீவு தரும்போதெல்லாம் அவர் அதை நினைவுபடுத்துவார்.)

இன்றும் வீட்டில் நான் பெருமை அடிக்கத் தொடங்கினால், மனைவி எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிடுவாள். மகள் என் பின்னால் வந்து நின்று, அவசரமே இல்லாமல், "ஒண்டு... ரெண்டு..." என்று எண்ணுவாள்.

நாலுக்கு மேல் எண்ண நான் ஒருநாளும் விட்டதில்லை.