பெட்டிக்குள் அந்நியப் பொருள்

நினைவு நாணயங்களைச் சேர்ப்பவர்கள் ஒரு ரகம். அந்த நாணயங்கள் வந்த அசல் பெட்டிகளைச் சேர்ப்பவர்கள் அதைவிட உயர்ந்த ரகம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் இரண்டாவது ரகம். காசைக் கண்ணெடுத்தும் பாராதவர். அவரைக் கேட்டால், பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அடைப்புதான் காசு.

மறுநாள் பெட்டிக் கண்காட்சி. ஐந்து வருடமாக முதல் பரிசைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அவருடைய மச்சினன். இந்தத் தடவை அவனை மண்ணைக் கவ்வ வைக்க வாத்தியாரிடம் ஒரு நீலப் பெட்டி இருந்தது. அசல் என்ற சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அதற்காகப் பெட்டி மெய்ம்மை ஆய்வு அலுவலகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்றார். பின்னால் நாற்பது பேர். நேர் பின்னால், பச்சைப் பெட்டியும் கையுமாக அதே மச்சினன்.

அதிகாரி மூடியைத் திறந்து வெல்வெட்டை முகர்ந்தார்.

“எதன் நினைவா வெளியிட்டது?”

“தெரியாது சார்.”

“நல்லது. தெரிஞ்சிருந்தா நாணயப் பிரிவு, மூணாவது மாடி. சரி, உள்ளே அந்நியப் பொருள் இருக்கே?”

“அது காசு சார். கூடவே வந்தது.”

“எடுங்க.”

எடுத்தார்.

“இப்ப குழி காலியா இருக்கு. பெட்டி முழுமையா இல்லையே?”

“வச்சிடட்டுமா?”

“வைங்க.”

வைத்தார்.

“அந்நியப் பொருள்.”

ஒன்பதாவது தடவை எடுத்தபோது காசு கை நழுவி, மேசையில் உருண்டு, பின்பக்கத்தைக் காட்டிப் படுத்தது. வாத்தியார் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காசைப் படித்தார்: ‘பெட்டி மெய்ம்மை ஆய்வு அலுவலகம் தேவையற்றதெனக் கண்டு நிரந்தரமாக மூடப்பட்டதன் நினைவாக.’ கீழே முப்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டான்.

“மாமா, திருப்பிப் போடுங்க.”

“ஆபீஸே கிடையாதுன்னு போட்டிருக்குடா.”

“ஆபீஸ் இல்லேன்னா சர்டிபிகேட் இல்ல. இதே சர்டிபிகேட்டைக் காட்டி வாங்கின அஞ்சு கப்பையும் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்களுக்கு நாளைக்குப் பரிசு வேணுமா, வேணாமா?”

விஷயம் வரிசையின் கடைசிவரை ஓடியது.

“திருப்பிப் போடுங்கய்யா. லீவு போட்டுட்டு வந்திருக்கோம்” என்றது ஒரு குரல்.

இருபது வருடத்தில் மாமனும் மச்சினனும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். வாத்தியார் காசைத் திருப்பிப் போட்டார்.

“என்ன எழுதியிருந்தது?” என்றார் அதிகாரி.

“ஒண்ணுமில்ல சார். ஏதோ பூ மாதிரி.”

அதிகாரி காசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“ஒட்டிட்டீங்கன்னா அது பெட்டியோட பாகம். அந்நியப் பொருள் இல்ல. உருளவும் உருளாது” என்றபடி இழுப்பறையைத் திறந்து பசை பாட்டிலை எடுத்து நீட்டினார்.

முன்னால் வந்தவர்கள் ஒட்டியது போக, பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.