பி செல்லின் ஒரே வக்கீல்

திருவனந்தபுரத்தில் எந்தக் கட்சிக்கும் எந்தச் சங்கத்துக்கும் பரிந்து பேச ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பி செல்லுக்கு மட்டும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அதற்கு வக்கீல், தாய்மாமன், தேர்தல் ஏஜெண்ட் எல்லாம் அவரே. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. பி செல் சாமி என்று கேட்டால் வாசல் செக்யூரிட்டிகூட மாடியைக் காட்டுவார்.

நாங்கள் வேலை பார்த்தது காசநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடம். நான் அங்கே கான்டீனில் டீ போடுகிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சாமி உள்ளூரிலேயே ஸ்ரீவராகத்துக்காரர், லேப் டெக்னீஷியன். நோய் வந்த நுரையீரலைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. பார்த்துப் பார்த்து பி செல் மேல் பாசம் வந்துவிட்டது.

சங்கதி இவ்வளவுதான். நம் உடம்பைக் காவல் காக்கும் செல்கள் பலவகை. காசநோய்க் கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். அதை மடக்குவதில் டி செல்லுக்குத்தான் பெரிய பெயர். பி செல் தயாரிப்பது ஆன்டிபாடி. அது வெளியே திரியும் கிருமியைப் பிடிக்கும், உள்ளே ஒளிந்ததை என்ன செய்துவிடும் என்று பெரிய டாக்டர்கள் பி செல்லை ரொம்ப நாள் ஒதுக்கியே வைத்திருந்தார்களாம். சாமி இதைச் சொல்லும்போது, சொத்தில் பங்கு கொடுக்காமல் துரத்திவிட்ட தம்பியின் கதையைக் கேட்பதுபோல் இருக்கும்.

கான்டீனில் யாராவது அப்பமும் கடலைக்கறியும் வாங்கி உட்கார்ந்தால் போச்சு. சாமி எதிரே வந்து உட்கார்வார். அப்பத்தின் நடுவே தடித்திருப்பது நோய்க்கட்டி என்பார். கறியிலிருந்து கடலையை ஸ்பூனால் எடுத்து அதன் ஓரத்தில் கூட்டம் கூட்டமாக வைப்பார்.

"இதெல்லாம் பி செல்லாக்கும். கட்டியைச் சுத்திக் காலனி போட்டு உக்காந்திருக்கு. ஒரு ஜோலியும் இல்லாமலா இத்தனை பேர் வந்து உக்காருவா?"

அதற்குள் அப்பம் ஆறிவிடும். ஓர் ஆராய்ச்சி மாணவி இதற்குப் பயந்து தோசைக்கு மாறினாள். தோசைக்கும் நடு உண்டு என்று சாமி கண்டுபிடித்ததும், வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள்.

ஓணத்துக்கு எல்லாப் பிரிவும் அத்தப்பூக்களம் என்ற பூக்கோலம் போட்டது. இவர் பிரிவு போட்டது நுரையீரல். நடுவே மஞ்சள் செண்டுமல்லி, ஓரங்களில் வாடாமல்லிக் குவியல். நடுவராக வந்த அம்மா, ஓணத்துக்கு வரும் ராஜா மாவேலி எங்கே என்று கேட்டார். மாவேலி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார், இது தினமும் வேலை செய்கிறது என்றார் சாமி. ஆறுதல் பரிசு கிடைத்தது. பி செல்லுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் என்று அதை மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, இருமல் வரும் வரை. மூன்று வாரம் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. காசநோய் ஆராய்ச்சிக் கட்டிடத்தில் வேலை செய்பவனுக்கு அது என்னவாக இருக்கும் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. டீ போடுகிறவன் இருமினால் வேலை போகும், கூடவே கான்டீனுக்குப் பின்னால் நான் தங்கியிருந்த அறையும் போகும். இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் டப்பாவில் காறித் துப்ப வேண்டும். நான் நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூசுகிறவன்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. சாமியைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் சாமி. ரத்தம் வேணும்னா எடுத்துக்கிடுங்க. அந்த நோய்தானான்னு ஒங்க பி செல்லுட்டயே கேட்டுச் சொல்லிருங்க. அதுக்குத் தெரியாததா?"

இத்தனை வருடத்தில் பி செல்லை நம்பி வந்த முதல் ஆள் நான். சாமி குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பி செல்லின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்பதுபோல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சுடலே, இந்தக் கேஸுல அதோட சாட்சி எடுபடாதுடா."

ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைப் பார்த்து நோயைச் சொல்லும் பரிசோதனை முன்பு இருந்ததாம். நோய் இல்லாதவனை உண்டு என்றும், இருப்பவனை இல்லை என்றும் அது சொல்லப்போக, அதை நம்பக்கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று முறை தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"நான் அதுக்கு வக்கீல்தான். அதுக்காக ஒன்னைச் சாக விட முடியுமா? சளிதான் குடுக்கணும். நாளைக்குக் கார்த்தால நானும் வரேன்."

பெற்ற பிள்ளையைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவரைப் போல மாடிப்படி ஏறிப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சளி எடுப்பதற்கென்று ஒதுக்கிய திறந்தவெளியில் என்னை நிறுத்தினார்கள். மூன்று வாரமாக என்னை உலுக்கிய இருமல், டப்பா கைக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது. சாமி பத்தடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, கறுப்புக் குடையை விரித்து மறைத்தார். அப்படியும் வரவில்லை. சரி, துணை இல்லாமல்தான் கூசுகிறான் என்று அவரே பலமாக இருமத் தொடங்கினார். நர்ஸ் ஓடிவந்து அவர் கையிலும் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு வந்த சிரிப்பில் இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

நோய் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை. டாக்டர் சரி என்று சொல்லும் வரை வேலைக்கு வரக்கூடாது. கான்டீன் நடத்தும் சேட்டனிடம் சாமியே போய் நின்றார்.

"ஆளுகள் பின்னே டீ குடிக்க வருமோ சாமி?" என்று சேட்டன் தலையைச் சொறிந்தார்.

"டிபி ஆராய்ச்சி பண்ணறவாளே டிபிக்காரனைத் துரத்தினா, நாங்க மேல இருந்து என்ன பண்ணிண்டிருக்கோம்?"

வேலையும் அறையும் நிலைத்தன. அன்றிலிருந்து தினமும் காலையில் மாஸ்க்கோடு என் வாசலில் வந்து நிற்பார். நான் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் நகர்வார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனபோது பயந்துபோய் அவரிடம் சொன்னேன். மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அவர் கைகொடுத்தார். மூன்றாம் மாதம் காய்ச்சல் போய் உடம்பு தேறியதும், போதும் என்று நிறுத்தப் பார்த்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். அன்று லேப்புக்கு இரண்டு மணிநேரம் தாமதமாகப் போனார், நான் விழுங்கிய பிறகு.

ஆறு மாதம் முடிந்து, கிருமி இல்லை என்ற சீட்டோடு அவரிடம் ஓடினேன். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, எல்லாம் உங்கள் பி செல் செய்ததுதான் என்றேன்.

"பொய் சொல்லாதே. மருந்தாக்கும் பண்ணினது" என்றார். சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு மெல்லிய குரலில், "கொஞ்சம் ஒத்தாசை பண்ணியிருக்கும், இல்லையா?" என்று கேட்டார்.

பண்ணியிருக்கும் சாமி என்றேன். செல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் ஒத்தாசை தினமும் காலையில் என் வாசலில் வந்து நின்றதை ஆறு மாதம் பார்த்தவன் நான்.