ஐந்தாம் பாடவேளையில் மிஸ் மேப்ரி

நாளந்தா எரிந்த பிறகு உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கல்விக்கூடம் எழுந்தது என்றால், அது மிச்சிகன் மாநிலத்தின் கார்வெல் நகரில், நெடுஞ்சாலையை ஒட்டி, மூடிப்போன ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் எழுந்தது. நான் அதன் வருகைப் பதிவாளர். ஆகவே மிகைப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் எங்கள் சார்ட்டர் பள்ளியில் பிள்ளைகள் பள்ளியையும் கல்லூரியையும் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். காலையில் ஒன்பதாம் எண் பேருந்தில் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். மதியம் திரும்பி வந்து பள்ளி மாணவர்கள் ஆகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் ஒரு கையில் பள்ளிச் சான்றிதழ், மறு கையில் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம். காலையில் பேராசிரியரோடு உடற்கூறியல் விவாதித்தவர்கள் மதியம் கழிப்பறைக்குப் போக என்னிடம் சீட்டு வாங்குவார்கள். அடக்கமும் கல்வியின் ஒரு பகுதி.

முதல்வர் டாக்டர் ப்ரூவெட், முன்பு இறைச்சி வெட்டிய மூலையில் அமர்ந்து பள்ளியை நடத்துகிறார். நெடுஞ்சாலையில் எங்கள் விளம்பரப் பலகை நிற்கிறது. 'நூறு சதவீதம்' என்று எழுதியிருக்கும். பள்ளியின் பெயரைத் தவிர வேறு எழுத்து இல்லை. எதில் நூறு என்று யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு இறுதி வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அவர்களில் முந்தியவள் கெண்ட்ரா மேப்ரி. பட்டத்துக்கு அறுபது கிரெடிட், அதாவது பாடப் புள்ளி, வேண்டும். மற்றவர்களுக்கு மே மாதம்தான் அறுபது நிறையும். அவளிடம் மார்ச்சிலேயே அறுபத்திரண்டு இருந்தன. மாநிலப் பல்கலைக்கழகம் அவளுக்கு நர்சிங் படிப்பில் நேராக மூன்றாம் ஆண்டில் இடம் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஜூன் முப்பதுக்குள் பள்ளிச் சான்றிதழ் வந்து சேர வேண்டும். 'வெறும் சம்பிரதாயம்' என்று கடிதமே சொன்னது.

சான்றிதழுக்கு எங்கள் பள்ளி ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் பெயர் 'கல்லூரிக்குத் தயாராதல்.' ஐந்தாம் பாடவேளை, ஒன்று ஐந்திலிருந்து ஒன்று ஐம்பத்தைந்து வரை. கல்லூரியிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகள், கல்லூரிக்கு எப்படிப் போவது என்று இங்கே கற்றுக்கொள்வார்கள்.

மார்ச் இரண்டாம் வாரம் அந்தப் பாடத்தின் ஆசிரியர் வேலையை விட்டார். மேல்படிப்புக்காகக் கல்லூரிக்குப் போய்விட்டார். பாடத்தின் முதல் வெற்றி அவர்தான்.

மாற்று ஆசிரியருக்குக் குறைந்தது அறுபது கல்லூரி கிரெடிட் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளி முழுக்கத் தேடினோம். என்னிடம் நாற்பத்து நான்கு. துப்புரவாளர் கால்வினிடம் ஐம்பத்தொன்று; அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் வகுப்பு. கையில் அறுபதும் ஐந்தாம் வேளையில் ஓய்வும் உள்ளவர் கட்டடத்தில் ஒருவர்தான்.

முதல்வர் அவளைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

"கெண்ட்ரா, ஆசிரியர் இல்லேன்னா வகுப்பு இல்ல. வகுப்பு இல்லேன்னா முப்பத்திரண்டு பேருக்கும் சான்றிதழ் இல்ல. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சார், நான் அந்தக் கிளாஸ்ல படிக்கிற பொண்ணு."

"இனிமே நடத்துற பொண்ணு. தலைமைப் பண்புன்னா இதுதான்மா."

"எனக்கு யாரு மார்க் போடுவா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

'அப்புறம்' என்பது எங்கள் நிர்வாகத்தின் மிகப் பழைய துறை.

மறுநாளிலிருந்து ஒரு நடைமுறை உருவானது. ஒன்று ஐந்துக்கு அவள் என் மேசைக்கு வருவாள். மாணவர்களுக்கான மஞ்சள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பாள். நான் ஊழியர்களுக்கான நீல அட்டையைக் கொடுப்பேன். ஒன்று ஐம்பத்தைந்துக்குத் திரும்ப மாற்றிக்கொள்வோம். நீல அட்டை இருக்கும்வரை ஊழியர் கழிப்பறைக்குப் போகலாம். அவள் ஐம்பது நிமிடமும் வகுப்பிலேயே நின்றாள். பொறுப்பான ஊழியர்.

முதல் நாள் நான் கதவோரம் நின்று கவனித்தேன். டெவான் ட்ரூயிட் கை தூக்கினான். அவனும் கெண்ட்ராவும் மழலையர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"மிஸ் மேப்ரி, ஒரு சந்தேகம்."

"கேளு."

"காலையில பஸ்ல என் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கித் தின்னீங்களே, அதுக்குக் கூடுதல் மார்க் உண்டா?"

"உண்டு. உக்காரு. வாயில இருக்கிறதைத் துப்பு."

"நேத்து வரைக்கும் நீயும் இங்கதானே மென்னுக்கிட்டு இருந்தே!"

"நேத்து நான் மாணவி. இன்னிக்கு உன் பேரண்ட்டுக்கு ஃபோன் போடுற ஆளு."

வகுப்பு சிரித்தது. பிறகு அடங்கியது. கட்டுரையைக் கொடுக்கப் பேராசிரியரிடம் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அன்று காலைதான் அவள் கேட்டிருந்தாள். பாடம் சூடாக இருந்தது.

ஆனால் என் வருகைப் பதிவுக் கருவி தன் கடமையைச் செய்தது. ஐந்தாம் வேளையில் மஞ்சள் அட்டைகளை மட்டும் அது எண்ணும். கெண்ட்ராவின் மஞ்சள் அட்டை என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. ஆகவே அவள் வரவில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒன்று இருபதுக்குத் தானாக ஃபோன் போகும். பதிவு செய்த குரல் என்னுடையது.

அவள் அம்மா விவெட் மேப்ரி ஒன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே எங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர் அவர்தான். நான்காம் நாள் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மிஸ்டர் ஹாலிஸ், தினமும் நீங்க கூப்பிட்டு என் மக கிளாஸுக்கு வரலைங்கிறீங்க."

"அது பதிவு செஞ்ச குரல், மேடம்."

"நான்தான் அவளை இந்த வாசல்ல இறக்கிவிடுறேன். இப்போ அந்தக் கிளாஸ்ல யாரு பேசிக்கிட்டு இருக்கா?"

"உங்க மகதான்."

"அப்போ வந்திருக்காளா, இல்லியா?"

"ஆசிரியரா வந்திருக்காங்க. மாணவியா வரல."

விவெட் வாசலில் நின்ற பேருந்தைக் காட்டினார். "என் பஸ்ஸை நான் ஓட்டுறப்போ நான் பஸ்ல இருக்கேனா, மிஸ்டர் ஹாலிஸ்?"

அது போக்குவரத்துத் துறையின் கேள்வி. முதல்வரிடம் தெரிவித்தேன். அவர் 'அப்புறம்' என்றார்.

பன்னிரண்டு நாளுக்கு மேல் வராதவருக்குப் பாடத்தில் தேர்ச்சி இல்லை. பதின்மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. விதிப்படி முதலில் வகுப்பாசிரியர் பெற்றோருக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். நீல அட்டையோடு கெண்ட்ரா என் மேசையிலிருந்தே கூப்பிட்டாள்.

"கெண்ட்ரா மேப்ரியோட அம்மாங்களா? நான் அவளோட டீச்சர் பேசுறேன்."

மறுமுனையில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

"சொல்லுங்க டீச்சர்."

"உங்க மக பதிமூணு நாளா என் கிளாஸுக்கு வரல. பாடம் போயிடுச்சு."

"எப்படிப்பட்ட பொண்ணு அவ?"

"நல்ல பொண்ணும்மா." அவள் நீல அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தாள். "சொன்ன பேச்சைக் கேட்டா. அதான் தப்பு."

"வீட்டுக்கு வா. ஸ்பகெட்டி பண்ணித் தரேன்."

தொழில்முறை உரையாடல் அங்கே சற்று நழுவியது. ஆனாலும் ஆசிரியர், பெற்றோர், மாணவர் மூவரும் கையெழுத்திட வேண்டிய படிவம் மறுநாளே பூர்த்தியானது. கெண்ட்ரா இரண்டு இடத்தில் போட்டாள்.

முதல்வர் அறையில் கூட்டம் நடந்தது. விவெட் ஓட்டுநர் சீருடையிலேயே வந்தார்.

"பதிமூணையும் அழிச்சிடுங்க. அவ அங்கேதான் இருந்தா."

"ஆசிரியர் தன் வருகையைத் தானே பதிவு பண்ணிக்க முடியாது, மேடம். நேர்மைப் பிரச்சினை. வேற ஆசிரியர் சாட்சி சொல்லணும். வேற ஆசிரியர்தான் இல்லியே," என்றார் முதல்வர்.

"நீங்க டாக்டர்தானே? இனிமே அந்த அம்பது நிமிஷம் நீங்க போய் நடத்துங்க. என் மக பெஞ்சுல உக்காந்து விட்டதைப் படிக்கட்டும்."

முதல்வர் கவலையோடு தலையசைத்தார். "அந்த நேரத்துலதான் வெளியூர்ப் பார்வையாளர்களுக்குப் பள்ளியைச் சுத்திக் காட்டுறேன்."

"என்னத்தைக் காட்டுவீங்க?"

"கெண்ட்ராவை."

உண்மைதான். தினமும் ஒன்றரை மணிக்கு அவர் விருந்தினர்களைக் கண்ணாடிக் கதவருகே அழைத்து வந்து, "பதினெட்டு வயசு. நம்ம மாணவி. இப்ப நம்ம ஆசிரியர்," என்பார். விருந்தினர்கள் படம் எடுப்பார்கள். மேயர் ஒருவர் கண்கலங்கினார்.

"அடுத்த வருஷம் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்துக்கலாம்," என்றார் முதல்வர். "ஒரு வருஷம்தான்."

"நர்சிங் சீட்டு ஒரு வருஷம் நிக்காது சார்," என்றாள் கெண்ட்ரா. "ஜூன் முப்பது."

"உன்னை மாதிரித் திறமைசாலிக்கு எல்லாக் கதவும் திறக்கும்மா."

அவள் எழுந்து கதவைத் திறந்து வெளியே போனாள். ஒன்று ஐந்து ஆகியிருந்தது. வகுப்பு காத்திருந்தது.

அவள் ஆசிரியர் வேலையிலிருந்து நின்றுவிட்டிருக்கலாம். நின்றால் மற்ற முப்பத்தொரு பேருக்கும் சான்றிதழ் இல்லை. டெவான் அவள் மேசையில் தினமும் ஒரு சிப்ஸ் பாக்கெட் வைக்க ஆரம்பித்தான்.

மே மாதம் கல்லூரி அவளுக்குப் பட்டம் கொடுத்தது. நெடுஞ்சாலைப் பலகையில் அவள் முகம் ஏறியது. முகத்துக்குக் கீழே 'நூறு சதவீதம்.' அவள் அம்மா அந்தப் பலகையைத் தினமும் பதினான்கு முறை கடந்து போனார்.

இப்போது ஒரு கணக்கியல் நுட்பம் தேவைப்பட்டது. முப்பத்திரண்டில் ஒருவருக்குச் சான்றிதழ் இல்லை என்றால் சதவீதம் தொண்ணூற்றேழுக்கு இறங்கும். பலகையை மாற்றி எழுத வேண்டும். முதல்வர் என்னை அழைத்தார். மாணவர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்க மாநிலப் படிவத்தில் பல காரணங்கள் உண்டு: இடம் மாறினார், இறந்தார், வேலை கிடைத்து விலகினார். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் கனிவானது. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.

ஜூன் இரண்டாம் வாரம் பள்ளியின் பட்டமளிப்பு விழா. கெண்ட்ரா மேடையில் ஆசிரியர்களோடு அமர்ந்தாள். பெயர் வாசிக்கும் கௌரவம் வகுப்பாசிரியருக்கு என்பது மரபு. பட்டியலை நான் தட்டச்சு செய்திருந்தேன். பெயர் கேட்டதும் குடும்பத்தார் மகிழ்ச்சியில் ஏர் ஹாரன் என்ற காற்று ஊதல் அடிக்கக் கூடாது, அடித்தால் வெளியேற்றப்படுவர் என்ற அறிவிப்பையும் நானே ஒட்டியிருந்தேன். விவெட் முதல் வரிசையில் இருந்தார். மடியில் கைப்பை. கைப்பை புடைத்திருந்தது.

கெண்ட்ரா முப்பத்தொரு பெயரையும் நிதானமாக வாசித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சான்றிதழ் வாங்கினார்கள். டெவான் வாங்கிவிட்டு இறங்காமல் அவள் பக்கத்திலேயே நின்றான்.

பட்டியல் முடிந்தது. அவள் காகிதத்தை மடிக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

"கெண்ட்ரா மேப்ரி," என்றாள்.

முதல் வரிசையிலிருந்து ஊதல் கிளம்பியது. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதுபோல் அது நிற்காமல் ஒலித்தது. பிறகு நின்றது.

கெண்ட்ரா அரங்கத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு காகிதத்தில் ஒரு குறி போட்டாள்.

"வரவில்லை."

முதல்வர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த வருஷமும் நூறு சதவீதம்!" என்றார். பார்வையாளர்கள் சிலர் கை தட்டினார்கள். முப்பத்தொரு பேரில் ஒருவரும் தட்டவில்லை.

விதிப்படி விவெட்டை வெளியே அழைத்துப் போனது நான்தான். வாசலில் நின்று ஊதலைக் கைப்பைக்குள் வைத்தார்.

"மிஸ்டர் ஹாலிஸ், இந்த வருஷம் உங்க ஸ்கூல்ல யாருமே ஃபெயில் இல்லியா?"

"மாணவர்கள்ல யாரும் இல்ல, மேடம்."

"அப்போ யாரு?"

அரசாங்க விவகாரத்தில் நான் ஊகித்துப் பேசுவதில்லை. அலுவலகத்துக்குப் போய் ஆண்டறிக்கைப் படிவத்தைப் புரட்டினேன். 'தோற்ற மாணவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் போட்டேன். 'தோற்ற பள்ளி' என்று ஒரு கட்டத்தைத் தேடினேன். அச்சிடவில்லை. அச்சிட்டிருந்தால், அதிலும் நூறு சதவீதம் என்றுதான் நிரப்பியிருப்பேன்; அப்போதும் எங்கள் பலகையில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது.